சாய்ந்த கோபுரத்து ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம்

மலேசியாவின் தெலுக் இந்தான் நகரின் நடுவே நிற்கும் மணிக்கூண்டின் உயரம் 25.5 மீட்டர். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனர் கட்டியது. வெளியே நின்று எண்ணினால் எட்டு அடுக்கு தெரியும், உள்ளே ஏறினால் மூன்றே மாடி. அது சாய்ந்திருப்பதுதான் ஊருக்கே அடையாளம். சுற்றிலும் உள்ள செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, சம்பள நாளுக்கு மறுநாள் ஆன்சனுக்கு வந்து அண்ணாந்து பார்த்த முதல் பெரிய கட்டிடம் அதுதான். பெரியவர்கள் வாயில் ஊருக்கு இன்னும் அந்தப் பழைய பெயரே வருகிறது.

போன மாதம் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். சவூதி அரேபியாவில் கட்டப்பட்டு வரும் ஜெட்டா கோபுரத்தின் காணொளி. பாலைவனத்தின் நடுவே சாம்பல் நிறக் கான்கிரீட் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஆயிரம் மீட்டராம் மாமா. நம்ம கோலாலம்பூர் மெர்டேக்கா 118 கட்டிடத்த விட முந்நூறு மீட்டர் கூட. ஏன் ஆயிரத்தோட நிப்பாட்டுறாங்க? காசு இருந்தா இன்னும் மேல போலாந்தானே?"

"போலாம்தான் தம்பி. ஆனா காசு மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல அது."

அந்தக் கடையில் அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பள்ளியில் பல ஆண்டுகள் கணிதம் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

முதலில் அளவுகோல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீட்டர் கணக்கை விடப் பத்துமலை முருகன் சிலை சட்டென்று புரியும். தைப்பூசத்துக்குப் போய் அதன் காலடியில் நிற்காத பிள்ளை இருக்காது. சிலையின் உயரம் 42.7 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்தரைச் சிலை அடுக்கினால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், 451.9 மீட்டர். பதினாறு அடுக்கினால் மெர்டேக்கா 118, 678.9 மீட்டர். துபாயின் புர்ஜ் கலிஃபாவுக்குப் பத்தொன்பதுக்குச் சற்று மேல், 828 மீட்டர். ஜெட்டா கோபுரம் ஆயிரத்தைத் தொடும்போது இருபத்துமூன்று சிலைகளையும் தாண்டியிருக்கும்.

சரி, இந்த எண்களெல்லாம் எங்கிருந்து எதுவரை அளந்தவை? பலரும் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சிகாகோவில் இருந்து இயங்கும் உயரக் கட்டிடங்களுக்கான பேரவை ஒன்றுதான் உலகப் பட்டியலைப் பராமரிக்கிறது. அது ஒரே கட்டிடத்துக்கு மூன்று உயரங்களைக் குறிக்கும். ஒன்று, கட்டிடக்கலை உச்சி வரையிலான உயரம். இரண்டாவது, மனிதர் புழங்கும் கடைசி மாடி வரையிலான உயரம். மூன்றாவது, மேலே என்ன நட்டு வைத்திருந்தாலும் அதன் நுனி வரை. மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றே: ஆட்கள் திறந்த வெளியிலிருந்து நடந்து நுழையும் முக்கியமான வாசல்களில் மிகத் தாழ்வானது. "உலகிலேயே உயரம்" என்று செய்தியில் வருவது இவற்றில் முதலாவது. அதில் கூர்முனை சேரும், தொலைக்காட்சி ஆண்டெனா சேராது.

இது என்ன நியாயம் என்று தோன்றலாம். கோயிலை நினைத்துப் பாருங்கள். கோபுரத்தின் மேல் கலசம் உண்டு. கலசம் இல்லாமல் குடமுழுக்கு இல்லை, அது கோபுரத்தின் பாகம். அதே கோபுரத்தில் யாரோ ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பம் நட்டால், அதையும் சேர்த்துக் கோபுரத்தின் உயரம் என்று எந்த ஸ்தபதியும் சொல்ல மாட்டார். பேரவையின் விதியும் ஏறக்குறைய இதுதான். வடிவமைப்போடு பிறந்தது கணக்கில் வரும். பிறகு நட்டதும், நாளைக்கே மாற்றக்கூடியதும் வராது.

இந்த விதியால் அதிகம் பயனடைந்தது நம் நாடு. 1996-இல் பேரவை இரட்டைக் கோபுரத்தை உலகிலேயே உயரமானது என்று அறிவித்தபோது சிகாகோக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய சியர்ஸ் கோபுரத்தின் கூரை 442 மீட்டரில் இருந்தது. கூரையின் மேல் நின்ற ஆண்டெனாக்கள் அதையும் தாண்டி வெகுதூரம் போயின. அங்கே மனிதர் புழங்கும் கடைசி மாடியும் நம்முடையதை விட உயரம். ஆனால் ஆண்டெனா கணக்கில் இல்லை. நம் கோபுரங்களின் தலையில் இருந்த 73.5 மீட்டர் கூர்முனைகள் கணக்கில் உண்டு. ஒன்பதே மீட்டர் சொச்சத்தில் பட்டம் இங்கே வந்தது. அந்த நாளில் நாம் பட்ட பெருமை பொய்யில்லை. அந்தப் பெருமை எந்த அளவுகோலின் மேல் நின்றது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மெர்டேக்கா 118-க்கும் இது பொருந்தும். அதன் உச்சிக் கூர்முனை மட்டும் 160 மீட்டருக்கு மேல். நான்கு முருகன் சிலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. பக்கத்திலேயே மெர்டேக்கா அரங்கம் இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31-இல் அங்கே துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி விடுதலை முழக்கமிட்டார். அந்த உயர்த்திய கையைத்தான் கூர்முனை நினைவுபடுத்துகிறது என்று வடிவமைத்தவர்கள் சொல்கிறார்கள். கண்ணாடி முகப்பில் வைரக்கல் பட்டை தீட்டியதுபோல் மடிப்புகள். வடிவமைத்தது ஃபெண்டர் கட்சாலிடிஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். 2021 நவம்பர் 30-இல் கூர்முனை பொருத்தி முடிந்தபோது அது உலகின் இரண்டாவது உயரமான கட்டிடமானது.

புர்ஜ் கலிஃபாவில் ஆள் புழங்கும் கடைசி மாடிக்கு மேல் ஏறக்குறைய 244 மீட்டர் வெறும் முனைதான். மொத்த உயரத்தில் பத்தில் மூன்று பங்கு. எங்கள் மணிக்கூண்டில் வெளியே எட்டும் உள்ளே மூன்றுமாக இருப்பதைச் சின்ன வயதில் ஏதோ ஏமாற்று என்று நினைத்திருந்தேன். 1885-இலேயே ஊருக்குத் தேவையான உயரம் ஒன்று, கண்ணுக்குத் தேவையான உயரம் ஒன்று என்று அந்த மனிதர் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஜெட்டாவுக்கு வருவோம். செங்கடலோரம், நகரின் வடக்கே அது எழும்புகிறது. வடிவமைத்தவர் ஏட்ரியன் ஸ்மித். வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது புர்ஜ் கலிஃபாவை வடிவமைத்தவரும் அவரே. கட்டமைப்புப் பொறியியல் தோர்ன்டன் தோமாசெட்டி என்ற அமெரிக்க நிறுவனத்துடையது, நம் இரட்டைக் கோபுரத்துக்கும் கணக்குப் போட்டவர்கள். வேலை 2013-இல் தொடங்கியது. 2017 இறுதியில் சவூதி அரசு எடுத்த ஊழல் எதிர்ப்பு நடவடிக்கையில் திட்டத்தின் பின்னால் இருந்த பெரும்புள்ளிகள் சிக்கினார்கள். 2018 தொடக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு எழுந்திருந்த நிலையில், வேலை நின்றது. பிறகு கோவிட். 2025 ஜனவரியில்தான் மறுபடி கான்கிரீட் ஊற்றத் தொடங்கினார்கள். 2028-இல் முடிப்பது திட்டம். கடைசி உயரம் எவ்வளவு என்பதை மட்டும் "ஆயிரத்துக்கு மேல்" என்றே சொல்லி வருகிறார்கள்.

அக்கா மகன் கேட்ட கேள்வியைச் சவூதிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். முதலில் அவர்கள் பேசியது ஒரு மைல் உயரம், அதாவது சுமார் 1,600 மீட்டர். அதைக் குறைக்க வைத்தவற்றில் முக்கியமானது மண்.

மண்ணைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ்ப் பேராக்கில் பல இடங்களில் பீட் மண். காய்ந்த இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறிக் கிடந்து ஆன கறுப்பு மண் அது. அதில் நட்ட செம்பனை நேராக நிற்காது. சில ஆண்டுகளில் மரம் ஒரு பக்கம் சாயும், சிலது படுத்தே போய் மறுபடி தலையைத் தூக்கும். அப்பா குலை வெட்டிய காலத்தில் அந்தச் சாய்ந்த மரங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். மணிக்கூண்டின் கதையும் அதேபோலத்தான். அது வெறும் கடிகாரக் கோபுரமாகக் கட்டப்படவில்லை. ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைத்த தொட்டி அது. மேலே தண்ணீர்ப் பாரம், கீழே மெத்தென்ற மண். அப்புறம் சாயாமல் என்ன செய்யும்?

உயரமான கட்டிடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களை நம்மவர்கள் பைலிங் என்பார்கள். அதில் இரண்டு வகை வேலை உண்டு. தூணின் அடி கெட்டியான பாறையில் உட்கார்ந்து சுமையை அங்கே இறக்குவது ஒன்று. பாறை எட்டாத ஆழத்தில் இருந்தால், தூணின் பக்கங்கள் மண்ணை உரசிப் பிடித்துக்கொள்வதாலேயே சுமை தாங்குவது இன்னொன்று. ரப்பர் மரத்தின் ஆணிவேரையும் செம்பனையின் சல்லிவேரையும் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. நூற்றுக்கணக்கான சல்லிவேர்கள் மண்ணைக் கவ்விக்கொண்டே அத்தனை கனத்தையும் நிறுத்துகின்றன.

இரட்டைக் கோபுரம் நிற்பது இந்த இரண்டாவது வழியில். பத்துமலையில் குகையாகக் குடைந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அது கோலாலம்பூரின் பல பகுதிகளில் மண்ணுக்கு அடியிலும் கிடக்கிறது. அங்கேயும் பொந்துகள் உண்டு. முதலில் குறித்த இடத்தில் மண்ணை ஆராய்ந்தபோது, ஒரு பக்கம் பாறை மேலேயும் மறுபக்கம் வெகு ஆழத்திலும் இருப்பது தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் நின்றிருக்கும், எங்கள் மணிக்கூண்டைப் போல. என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு கோபுரங்களையும் சுமார் 60 மீட்டர் தள்ளி, முழுக்க ஆழமான மண் இருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே 60 முதல் 115 மீட்டர் வரை ஆழத்துக்குத் தூண்கள் இறக்கி, ஒவ்வொரு கோபுரத்துக்கும் மேலே 4.5 மீட்டர் தடிமனில் ஒரு கான்கிரீட் பலகை ஊற்றினார்கள். ஒரு பலகைக்கு 13,200 கன மீட்டர் கான்கிரீட், 54 மணி நேரம் நிறுத்தாமல். ஆழத்தைக் கவனியுங்கள். முருகன் சிலை இரண்டரை, மண்ணுக்குள்ளேயே. கோலாலம்பூருக்குப் போகும் ஆயிரம் பேர் அந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அதில் மிகத் துணிச்சலான பகுதி அவர்கள் நிற்கும் தரைக்குக் கீழே இருக்கிறது.

அத்தனைக்குப் பிறகும், இரண்டாம் கோபுரம் 72-ஆவது மாடியை எட்டியபோது செங்குத்திலிருந்து 25 மில்லிமீட்டர் விலகியிருப்பது தெரிந்தது. மீதி 16 மாடிகளை 20 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் சாய்த்துக் கட்டிச் சரி செய்தார்கள். இரண்டரை சென்டிமீட்டர்! பள்ளிக்கூட அளவுகோலில் விரல் வைத்துக் காட்டும் தூரம். அதை வானத்தில் கண்டுபிடித்து வானத்திலேயே திருத்தியிருக்கிறார்கள்.

ஜெட்டாவில் கடலோரப் பவளச் சுண்ணாம்பு. நுண்துளைகள் நிறைந்த மென்மையான கல், அதற்குள் உப்புநீர். உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்குப் பகை. அங்கே 270 தூண்கள் இறக்கியிருக்கிறார்கள், மிக ஆழமானவை 105 மீட்டர் போகின்றன. இப்படிப்பட்ட மண்ணில் ஆயிரம் மீட்டருக்கே இவ்வளவு என்றால், 1,600 மீட்டருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உயரம் கூடும்போது அகலமும் கூட வேண்டும். இரண்டும் கூடினால் எடை பல மடங்காகும். அதை அதே மண்தான் தாங்க வேண்டும்.

மண்ணுக்கு அடுத்தது காற்று. என் பார்வையில் இந்தக் கட்டிடங்களின் வடிவத்தைத் தீர்மானிப்பதே காற்றுதான்.

செம்பனைத் தோட்டத்தில் உயரமான மரத்தின் குலையை வெட்ட, நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு போவார்கள். கம்பு நீளமாக ஆக, கை நடுக்கம் நுனியில் பெரிதாகத் தெரியும். காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். கழுத்து நரம்பு புடைக்க அப்பா அந்தக் கம்பை அடக்கியதைப் பார்த்திருக்கிறேன். மரம் ஏறக்குறைய இருபத்தைந்து வயதைத் தொடும்போது, காய்க்கும் சக்தி இருந்தாலும் எட்டி வெட்ட முடியாது என்பதால் அழித்து மறுநடவு செய்துவிடுவார்கள். உயரத்துக்கு ஒரு விலை உண்டு, ஒரு கட்டத்துக்கு மேல் அந்த விலை கட்டாது என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கணக்காகச் சொன்னால் இப்படி. கட்டிடத்தின் உயரம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் பரப்பு இரண்டு மடங்கு. தள்ளும் இடமும் தரையிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. ஆக, அடியோடு சாய்க்கப் பார்க்கும் விசை நான்கு மடங்கு. மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும் என்பதால் உண்மையில் நான்கையும் தாண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. காற்று பலமாக அடிக்கும் நாளில் மின்கம்பி ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். பேய்க்காற்று என்று பாட்டி பயமுறுத்துவார். கம்பியின் இருபக்கமும் காற்று வளைந்து போகும்போது பின்னால் சின்னச் சின்னச் சுழல்கள் பிறக்கின்றன, ஒருமுறை இடப்பக்கம், அடுத்தமுறை வலப்பக்கம். அந்த மாறி மாறிப் பிறப்பதன் தாளம்தான் நமக்கு ஊளையாகக் கேட்கிறது. கட்டிடத்தின் பின்னாலும் இதே சுழல்கள் உண்டு, தாளம் மட்டும் மிக மெதுவாக இருக்கும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால் குழந்தையின் கைகூடப் பெரிய ஆளை ஆட்டிவிடும் அல்லவா? அதுபோல, சுழல்களின் தாளமும் கட்டிடத்தின் இயல்பான அசைவும் ஒன்று சேர்ந்தால், கட்டிடம் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஆடத் தொடங்கும். இடிந்து விழாவிட்டாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தலைசுற்றும்.

சமாளிக்கப் பல வழிகள். 2004-இல் முடிந்த தைப்பே 101-இல், 508 மீட்டர் கட்டிடத்தின் மேற்பகுதியில் 660 டன் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிடம் ஒரு பக்கம் போனால் அது மறுபக்கம் இழுக்கும். ஏட்ரியன் ஸ்மித்தின் வழி வேறு. சுழல்களுக்கு ஒரே தாளம் கிடைக்காதபடி செய்துவிடுவது. கட்டிடத்தின் அகலம் எல்லா உயரத்திலும் ஒன்றாக இருந்தால்தான் தாளம் ஒன்றாக இருக்கும். அகலம் மாறிக்கொண்டே போனால் ஒவ்வொரு உயரத்திலும் சுழல் வேறு வேறு நேரத்தில் பிறக்கும், ஒன்றோடொன்று சேராது. புர்ஜ் கலிஃபா படிப்படியாகச் சுருளாகக் குறைந்துகொண்டே போவது இதற்காகத்தான். ஜெட்டாவில் படிகளே இல்லை. நடுவிலிருந்து மூன்று பக்கம் நீளும் இறக்கைகளும் அடியிலிருந்து நுனிவரை வழுவழுப்பாகச் சாய்ந்தே மெலிகின்றன, மூன்றும் வெவ்வேறு உயரத்தில் முடிகின்றன.

அந்த வடிவத்தை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கு ஏதோ தெரிந்த பொருள் போலவே இருந்தது. பாலைவனத்தில் முளைக்கும் இளஞ்செடியின், இன்னும் விரியாத மடிந்த ஓலைகளை மனதில் வைத்து வரைந்தது என்று வடிவமைப்பாளர்கள் சொல்லியிருப்பதைப் பிறகு படித்தேன். குருத்து! செம்பனை நாற்றங்காலில் தினமும் பார்த்தது. விரிந்த ஓலையைக் காற்று கிழிக்கும், குருத்தை ஒன்றும் செய்யாது, அது வழிவிட்டு நிற்கும்.

மூன்று இறக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடு பள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. நடுவில் ஒரு மையக்கூடு, அதிலிருந்து மூன்று பக்கமும் நீளும் சுவர்கள். எந்தப் பக்கத்துக் காற்று தள்ளினாலும் மற்ற இறக்கைகள் முட்டுக்கொடுத்து நிற்கும். சுமையை ஏந்துவது பெரும்பாலும் அந்தக் கான்கிரீட் சுவர்களே. இறக்கைகள் ஒல்லியாக இருப்பதால் உள்ளே எந்த அறைக்கும் சன்னல் வெளிச்சம் எட்டும்.

இரும்புக்குப் பதில் கான்கிரீட் ஏன் என்றும் கேட்கலாம். கான்கிரீட் கனமானது, கனமான பொருள் மெதுவாகவும் குறைவாகவும் ஆடும். இரட்டைக் கோபுரத்தின் காலத்தில் எஃகை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு அதிகம், நம் நாட்டுக் கட்டுமானக்காரர்களுக்குக் கான்கிரீட் கைவந்த வேலை என்பதும் சேர்ந்துகொண்டது. பாலைவனத்தில் அதற்கும் ஒரு சிக்கல்: வெயிலில் ஊற்றினால் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். துபாயில் கோடைக்காலத்தில் ஐஸ் கலந்து, இரவில் ஊற்றினார்கள். அதையும் 600 மீட்டருக்கு மேல் குழாய் வழியாக ஏற்றினார்கள்.

மூன்றாவது தடை, அதிகம் பேசப்படாத ஒன்று. மனிதர் எப்படி மேலே போவது?

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குத் தெரியும், கிணறு ஆழமானால் வாளியை விடக் கயிறு கனக்கும். மின்தூக்கியிலும் அப்படித்தான். எஃகுக் கயிறு ஏறக்குறைய 500 மீட்டரைத் தாண்டினால் தன் கனத்தையே தூக்கத் திணறும். அதனால்தான் மிக உயரமான கட்டிடங்களில் நடுவழியில் இறங்கி வேறு மின்தூக்கி மாற வேண்டியிருக்கிறது, பேருந்து மாறுவது போல. 2013-இல் கோனே என்ற பின்லாந்து நிறுவனம் கார்பன் இழையால் ஆன தட்டையான கயிற்றை அறிமுகப்படுத்தியது. ஜெட்டா கோபுரத்தில் அந்தக் கயிற்றைக் கொண்டு 660 மீட்டரை ஒரே ஓட்டமாக ஏற்றுவது திட்டம். இந்த எண்ணை ஆயிரத்தோடு வைத்துப் பாருங்கள். உச்சியில் மூன்றில் ஒரு பங்கு, மனிதர் போகாத உயரம். அதற்குச் சற்றுக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட மாடம் ஒன்றும் வரைபடத்தில் உண்டு. முதலில் ஹெலிகாப்டர் இறங்கும் தளமாக நினைத்தார்கள், பிறகு அதை வானத் திண்ணையாக மாற்றிக்கொண்டார்கள்.

மின்தூக்கியைப் பற்றி எழுதும்போது என் சித்தியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயன் வீட்டைக் காலி செய்து, மகனோடு கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடியின் பதினாறாவது மாடிக்குப் போனார். எழுபது வயது, முழங்கால் வலி. ஒருமுறை மின்தூக்கி பழுதாகிக் கிட்டத்தட்ட மூன்று வாரம் அவர் தரையையே பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க வாசலில் கோழி மேய்த்தவர். பதினாறு மாடி, ஐம்பது மீட்டர் கூட இருக்காது. உயரம் என்பது ஏறி இறங்க வழி இருக்கும்வரைதான் வீடு என்று அன்றைக்குப் புரிந்தது. மின்தூக்கி ஓடாத நாளில் அந்த வீட்டின் உயரத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

தண்ணீருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். மணிக்கூண்டில் தண்ணீரை மேலே வைத்தது வீட்டுக் குழாய்களில் அழுத்தத்தோடு வரட்டும் என்பதற்காக. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஒரே குழாய் போட்டால் அடியில் நூறு மடங்கு அழுத்தம் வந்து குழாயே தெறித்துவிடும். அதனால் இடையிடையே இயந்திர மாடிகளில் தொட்டி வைத்துக் கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். அதாவது, ஒரு பெரிய கோபுரத்துக்குள்ளே எங்கள் மணிக்கூண்டு போன்ற பல தண்ணீர்க் கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆக, அக்கா மகனின் கேள்விக்கு என் பதில் இது. காசு அவர்களைத் தொடங்க வைத்தது, ஏழு ஆண்டு நிறுத்தியும் வைத்தது. ஆனால் எவ்வளவு உயரம், என்ன வடிவம் என்பதைப் பெரும்பாலும் சொன்னது செங்கடலோரத்து மண்ணும், அங்கே அடிக்கும் காற்றும், ஒரு கயிற்றின் கனமும்தான். ஆயிரத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பதை மட்டும் மனிதர்கள் தங்கள் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். கூர்முனையை இன்னும் சில மீட்டர் நீட்டுவது, அடியில் இன்னும் ஒரு தூண் இறக்குவதை விட எளிது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப இதுக்கு உயரம் எப்படி மாமா அளக்கறது? சாஞ்சபடியேவா, இல்ல நுனியிலேர்ந்து நேரா கீழயா?"

நல்ல கேள்வி. 25.5 மீட்டர் உடம்பு மூன்று பாகை சாய்ந்தால், செங்குத்து உயரத்தில் குறைவது மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆனால் நுனி ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். நிழலை வைத்து அளந்தால் அந்த நகர்வு தப்பாமல் காட்டிக்கொடுக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டர் குச்சியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக வராது. ஏன் வராது, இரண்டிலிருந்தும் சரியான உயரத்தை எப்படி எடுப்பது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும்.